இனிஷியலை விழுங்கிய பென்குயின்

என் மாமனாருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும். இனிஷியலை மட்டும் சொல்கிறேன்: இ. இந்த ஓரெழுத்து காணாமல் போனதால், என் மனைவி தன் ஒரே தம்பியின் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட முடியாமல் போக இருந்தது. தம்பி தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு அக்காவுடையது. அவன் அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்த காலத்திலேயே அந்த முடிச்சுக்கு இடம் பிடித்து வைத்தவள் அவள். அதற்கு வேட்டு வைத்தது நானா, என் கம்ப்யூட்டரா என்பதில் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை.

புது நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். காதுகுத்து, கல்யாணம், கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனுசனுக்கு நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் நான் எழுத்து அடித்துக் கொடுப்பேன், அச்சகத்தில் அச்சடிப்பார்கள். கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் தேனி அல்லிநகரத்தில் கடை போட்டிருந்த என் கூட்டாளி. நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று கேட்காதீர்கள்; எங்கள் பக்கம் அப்படித்தான்.

விண்டோஸை அவன் ஒரு சிடியில் வைத்திருந்தான். மேலே கருப்பு மார்க்கரால் 'வி' என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த ஒரு சிடி கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் கடை கடையாகப் போய்வந்தது. எல்லாக் கடைக்கும் ஒரே சீரியல் நம்பர். எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு ஒற்றுமையை நான் வேறெதிலும் கண்டதில்லை.

கடைக்கு பிராட்பேண்ட் வந்த பிறகுதான் வினை. திரையின் மூலையில் ஒரு குறிப்பு முளைத்தது. இந்தப் பிரதி அசல் இல்லை, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்றது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஏமாற்றியதில் நானும் கூட்டு என்று அதற்குத் தெரியவில்லையே என்று சந்தோசப்பட்டேன். இரண்டு நாளில் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்துகொண்டே நடிக்கிறதோ? அந்த மூலையில் ஒரு முருகன் படத்தை வெட்டி ஒட்டி மறைத்தேன். முருகனுக்குப் பின்னால் அது முளைத்து முளைத்து மறைவது எனக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் பேச்சுக் கிளம்பியது. தேனியில் ரெய்டு வந்தாகளாம், கள்ளப் பிரதி வைத்திருந்த கடையைப் பூட்டிட்டாகளாம், கம்ப்யூட்டரைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கிட்டுப் போயிட்டாகளாம். எந்தக் கடை என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஜீப்பின் நிறம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அல்லிநகரத்துக்கு ஓடினேன். மாப்ள அசையாமல் இன்னொரு சிடியை எடுத்து நீட்டினான். உறையில் தொப்பை போட்ட ஒரு பறவை உட்கார்ந்திருந்தது.

"இதப் போட்டுக்க. எவனும் வந்து கேக்க மாட்டான்."

"என்ன இது?"

"லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலா ஓடுற ஓஎஸ். பென்குயின் அதோட அடையாளம்."

"வெல?"

"ஓசி."

"ஒனக்கு இதுல என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

அங்கேதான் எனக்கு உதைத்தது. டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் சட்டையை மாற்றிவிட்டேன், பர்ஸ் அந்தச் சட்டையில் இருக்கிறது என்று சொல்கிறவன் அவன். ஒன்றும் கிடைக்காத காரியத்தை அவன் செய்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஜீப் பயம் பெரிதாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

விண்டோஸையும் எடுக்காமல், அதன் பக்கத்திலேயே பென்குயினையும் குடியேற்றினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரிசையாக வந்து நிற்கும். நாம் ஒன்றைத் தொட வேண்டும். சும்மா யோசித்துக்கொண்டிருந்தால் அதுவே ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். தேனி பஸ் ஸ்டாண்டில் போடி வண்டிக்கும் கம்பம் வண்டிக்கும் நடுவில் முழிக்கிறவனைக் கண்டக்டர் அள்ளிப் போட்டுக்கொண்டு போவதுபோல. விண்டோஸ் என்னைக் கள்ளன் என்று சந்தேகப்பட்டது. பென்குயினை நான் சந்தேகப்பட்டேன். எதற்கெடுத்தாலும் அது பாஸ்வேர்டு கேட்டது. கறுப்புத் திரையில் அதை அடித்தால் ஒரு எழுத்தும் விழாது, ஒரு நட்சத்திரம்கூட விழாது. ஆனால் உள்ளே வாங்கிக்கொள்ளும். இது எதையும் வெளியே காட்டாத ரகம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் மைத்துனன் கல்யாணப் பத்திரிகை என்னிடம் வந்தது.

மாமனாருக்குக் கம்பத்தில் திராட்சை யாவாரம். குமுளி தாண்டிக் கேரளாவுக்குப் பெட்டி பெட்டியாக ஏற்றுவார். விற்க வருகிறவன் எவனாக இருந்தாலும் மேல் அடுக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெட்டியைக் கவிழ்த்து அடி அடுக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். என்னையும் அப்படிக் கவிழ்த்துப் பார்க்க அவருக்கு நெடுநாள் ஆசை. அதற்குக் காரணம் நான்தான். எங்கள் கல்யாணப் பத்திரிகையை நானே அடித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'பி.ஏ. (முயற்சி)' என்று போட்டேன். அதை மண்டபத்தில் வைத்துத்தான் அவர் வாசித்தார். அன்றிலிருந்து என் கையிலிருந்து எந்தக் காகிதம் போனாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்.

ஆகவே புரூஃப் பார்க்க நேரில் வந்தார். மேசையில் கிடந்த சிடி உறை கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மாப்ள இது, கோழியா?"

"பென்குயின் மாமா. புது ஓஎஸ்."

"ஓசியா?"

"ஓஎஸ் மாமா. ஆனா ஓசிதான்."

"யாரு குடுக்குறா?"

"உலகம் பூரா ஆளுக சேந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு விட்டுட்டாக."

மாமனார் உறையை எடுத்து, பறவையைப் பார்க்காமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "தோட்டத்து வேலியப் பிரிச்சு வச்சுட்டு, வாங்க வாங்கன்னு ஒருத்தன் கூப்புட்டா, நான் உள்ள போக மாட்டேன். அடி அடுக்கப் பாத்தீகளா?"

"பாத்துட்டேன் மாமா." பொய். அடி அடுக்கு எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

"ஒறப்பா?" கேரள யாவாரிகளோடு பழகிய வாய் அது. நிச்சயமா என்று கேட்பதற்கு அவருக்கு அந்த ஒரு சொல்தான்.

"ஒறப்பு மாமா."

"எம் பத்திரிகைய அதுல போட வேணாம். பழசுலயே அடிங்க."

பழசிலேயே அடித்தேன். விண்டோஸில் அச்செடுத்த புரூஃபில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். தன் பெயரில் வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. இனிஷியல், புள்ளி, பெயர். எல்லாம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேட்டார். என் மனைவி உள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். அவருக்கு என்மேல் ஒரு நல்ல எண்ணம் பிறந்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, ரெக்சின் பை, காலில் ஷூ. உத்தமபாளையத்து வெயிலில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறவர் சொந்த வேலையாக வந்திருக்க மாட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"என்ன ஓஎஸ் போட்டிருக்கீங்க?"

'போட்ருக்கீக' என்று கேட்டிருந்தால் நம்ம ஆள், உட்காரச் சொல்லியிருப்பேன். 'கீங்க' என்றார். வெளியூர். தேனிக்கும் அப்பாலிருந்து வந்தவர். ஜீப் எங்கே நிற்கிறது என்று அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"ஓசியா? ஓசிக்கெல்லாம் இங்கன எதுவும் அடிக்கிறதில்ல சார்," என்றேன்.

"இல்ல, ஓஎஸ். விண்டோஸா, லினக்ஸா?"

"கரண்ட் இல்ல சார்," என்றேன். தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தோம். "சாயங்காலம் வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஷட்டரை இறக்கினேன். மாமனார் பத்திரிகையைப் பென்குயின் பக்கத்துக்கு நகலெடுத்து மாற்றினேன். விண்டோஸை வேரோடு பிடுங்கி அழித்தேன். முருகனைக்கூடக் கிழித்துவிட்டேன், அவர் எதை மறைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டால் என்ன சொல்வது? சுற்றிச் சுற்றி அப்போது என்னிடம் வந்திருந்த 'வி' சிடியை நாலாக உடைத்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டேன். சாயங்காலம் அந்த ஆள் வரவில்லை. வராததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

பென்குயினில் பத்திரிகையைத் திறந்தால் 'ரு வீட்டார் அழைப்பு' என்று இருந்தது. கீழே 'ல்லத் திருமண விழா'. அதற்குக் கீழே 'னிய வரவேற்பு'. இ எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் காணோம். புதிதாக அடித்தாலும் விழவில்லை. சளைக்காமல் வேறொரு எழுத்துருவிலிருந்து இ-யை இரவல் வாங்கி, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தலையை ஒட்டவைத்தேன். இரவல் இ கொஞ்சம் குண்டு. பரவாயில்லை, கல்யாணப் பத்திரிகைதானே, செழிப்பாக இருக்கட்டும் என்று விட்டேன். முடித்துவிட்டுக் கடைசியாக ஒருதரம் பார்த்தபோது மாமனார் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றது. தூசி என்று நினைத்து வேட்டி நுனியால் திரையைத் துடைத்தேன். போகவில்லை. பிறகு விசையைத் தட்டி அழித்தேன். சுத்தமாகப் போய்விட்டது. எனக்கு என் வேலையில் இருந்த சுத்தத்தைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்திரிகைக் கட்டுகள் அச்சாகிக் கம்பம் போய்ச் சேர்ந்தன. மாமனார் முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, எடுத்து வாசித்திருக்கிறார். நல்லவேளை, வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால். போன் வந்தது. என் மனைவி எடுத்தாள். அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது. அவர் கத்தவில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும்.

"மாப்ளை அவுகள்ட்ட கேளு ஆத்தா. 'இல்லத் திருமண விழா'வுல இ இருக்கு. 'இரு வீட்டார்'ல இ இருக்கு. 'இனிய வரவேற்பு'ல இ இருக்கு. அதுவும் நல்லாக் குண்டா இருக்கு. எங்கப்பனோட இ மட்டும் எங்க போச்சுன்னு கேளு. இனிஷியல் இல்லாதவன்னு ஊரு முழுக்கப் பத்திரிகை வைக்கச் சொல்றாகளான்னு கேளு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"கோழி முழுங்கிருச்சுன்னு சொல்லு," என்றேன். வாய் சும்மா இருக்காமல் வந்துவிட்டது. அவர் காதில் விழுந்தும் விட்டது.

"சரி ஆத்தா," என்றார் மாமனார். "ஒன் தாத்தன் யாருன்னு ஒன் வீட்டுல தெரியல. அப்பப் பேத்தின்னு நீ எதுக்கு மேடையில நிக்க? மூணாவது முடிச்சு ஒன் சித்தப்பா மக போட்டுக்கிருவா." வைத்துவிட்டார்.

அவள் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "ஏங்க, வெளையாட்டுக்குப் பண்ணீகளா?"

"இல்ல."

"சிரிக்காமச் சொல்லுங்க."

"சிரிக்கல. என் முகவெட்டு அப்படி."

"பி.ஏ. முயற்சியும் இப்படித்தான் சொன்னீக, அச்சகத்துக்காரன் போட்டுட்டான்னு."

வருடக்கணக்காக எல்லாரையும் சிரிக்க வைத்துச் சேர்த்த பெயர், உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பெட்டியில் எடுத்து வைத்திருந்த கல்யாணப் பட்டுச்சேலையை வெளியே எடுத்து, மறுபடி பீரோவின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அல்லிநகரத்து மாப்ளைக்குப் போன் போட்டேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஏலே, எழுத்து எங்கயும் போகல. உள்ளதான் இருக்கும். விண்டோஸ்ல தொறந்தா வந்துரும்."

அதை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. ஆனால் யோசித்தாள். "எங்கப்பாகிட்ட வாயால எதுவும் சொல்லாதீக. கண்ணால காட்டுங்க. அவுக பெட்டியக் கவுத்துப் பாக்குற ஆளு." அவளே போன் போட்டு அப்பாவை வரச் சொன்னாள். என்ன சொல்லி வரவழைத்தாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, இ-க்கான விசையை அழுத்திக் காட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை.

"நீங்க லேசா அமுக்குறீக," என்றார்.

அழுத்தி அமுக்கினேன்.

"கையை எடுங்க. நான் பாக்குறேன்." திராட்சைக் காம்பு கிள்ளுகிற விரலால் ஒருதரம் தட்டினார். ஒன்றுமில்லை. என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு மறுபடி தட்டினார். என்னை எழுந்து தள்ளி நிற்கச் சொன்னார். பக்கத்து விசையைத் தட்டினார், அது விழுந்தது. திரும்ப இ-க்கு வந்தார். மேசைக்கு அடியில் குனிந்து ஒயர்களைப் பார்த்தார். மறுபடி தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"உள்ளதான் இருக்காம் மாமா. அல்லிநகரம் போனா வெளிய வரும்."

"எங்கப்பன் சின்னமனூரத் தாண்டுனதில்ல. இப்ப அல்லிநகரம் போயிருக்காரு," என்றார். ஆனாலும் எழுந்தார். அவர் தட்டிய பக்கத்தைப் பென் டிரைவில் ஏற்றினேன். "அத எங்கிட்டக் குடுங்க," என்று வாங்கி, சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார். இருவரும் பஸ் ஏறிச் சின்னமனூரைத் தாண்டினோம். வீரபாண்டி வந்ததும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாப்ள கடையில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் தன் கையாலேயே பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். கோப்பைத் திறந்தான்.

திரை முழுக்க இ. இ இ இ இ என்று வரி வரியாக, பக்கத்துக்கு மேலிருந்து கீழ்வரைக்கும் இ.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாப்ளதான் விளக்கினான். "நாம வச்சிருக்குற பழைய தமிழ் எழுத்துருவுல ஒவ்வொரு எழுத்தும் இங்கிலீசு எழுத்தோட வீட்டுலதான் வாடகைக்கு இருக்குது, ஐயா. இந்த இ போயிக் குடியேறுன வீடு, வரி முறியுறப்ப மட்டும் வெளிய வர்ற ஒரு கோட்டோடது. விண்டோஸ்ல இவரு வச்சிருந்த பழைய சாஃப்ட்வேரு அதக் கண்டுக்காது, எழுத்தக் காட்டிரும். லினக்ஸ்ல இருக்குறது ரூலு பேசும். கோடுன்னா ஒளிஞ்சிருக்கணும்னு ஒளிச்சு வச்சிரும். தப்பு ரெண்டு மேலயும் இல்ல. குடியிருந்த வீடு சரியில்ல."

மாமனார் அவன் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

"ஏன் மாப்ள," என்றார் கடைசியில். "நேத்து வரைக்கும் எனக்கு அப்பனே இல்லேன்னீக. இன்னைக்கு இத்தன பேரக் காட்டுறீக. எது பெரிய கேவலம்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்துத் தொலைத்தேன். என் கல்யாண வாழ்க்கையே இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, அவர் தோளும் குலுங்கியது. "ஒண்ணு போதும்யா எனக்கு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. மாமனார் பத்திரிகைக் கட்டுகளை எங்கள் கடைக்கே கொண்டுவந்து இறக்கினார். பெயருக்கு முன்னால் இ-யையும் புள்ளியையும் நான் பேனாவால் எழுத வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக் காயவைப்பார். என் கையெழுத்தின்மேலும் சந்தேகம். முதல் பத்திரிகையில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"அழிஞ்சுறாதே? ஒறப்பா?"

"ஒறப்பு மாமா."

"பேனா ஓசியில வந்ததா?"

"காசு குடுத்து வாங்குனது மாமா."

"அப்பச் சரி."

பாதிக் கட்டு முடிந்திருக்கும். வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டை, ரெக்சின் பை, ஷூ. பேனா என் கையிலேயே நின்றுவிட்டது.

"கரண்ட் வந்துடுச்சுங்களா?" என்றார் அந்த ஆள். "நான் இங்க வேலைக்கு மாறுதலாகி வந்திருக்கேன். பொண்ணு காலேஜ் சேர்றா, கம்ப்யூட்டர் கேக்குறா. கடைக்காரர் விண்டோஸ் போடவா, லினக்ஸ் போடவான்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க எது வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்."

இந்த ஆளுக்குப் பயந்துதான் ஒரு ஓஎஸ்ஸை அழித்து, ஒரு சிடியை உடைத்து, முருகனைக் கிழித்து, மாமனாரை அப்பன் இல்லாதவராக ஆக்கியிருக்கிறேன். மாமனார்தான் பதில் சொன்னார்.

"எத வேணாலும் வாங்குங்க. ஆனா கடையில வச்சே ஒங்க இனிஷியல அடிச்சுப் பாருங்க. நின்னா வாங்குங்க. நிக்கலேன்னா அது ஓசியாக் குடுத்தாலும் வேணாம், காசுக்குக் குடுத்தாலும் வேணாம்."

அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது ஃபேனை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனதாக எனக்குப் பட்டது.

மனைவி உள்வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். மாமனார் ஈரம் காயாத ஒரு பத்திரிகையை எடுத்து அவளிடம் நீட்டினார். பெற்ற மகளாக இருந்தாலும் முறைப்படி அழைக்க வேண்டுமல்லவா.

"ஆத்தா, மொத நாளே வந்துரு. முடிச்சு நீதான் போடணும்."

அவள் பத்திரிகையை வாங்கி முதலில் இ-யைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அவுக?"

மாமனார் மீதிக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதி முடிச்சா வரட்டும்," என்றார்.